ஆயிஷம்மாள் தராத டப்பா

முபஷ்ஷிரா மௌத்தாகி இருபத்திரண்டு நாளாகிவிட்டது. ஏழு வயசுப் பிள்ளை, டைபாய்டு. அவளை அடக்கம் பண்ணின மண் இந்நேரம் காய்ந்து வெடித்திருக்கும். ஆனால் அவளைக் கொன்ற கிருமி மட்டும் சங்கரன்கோவிலில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு லேப்பின் ஃப்ரிட்ஜில், கட்டைவிரல் நீளக் கண்ணாடிக் குழாய்க்குள் உயிரோடு இருந்தது.

உயிரோடு இருக்கிறது என்றால் சும்மாவா? அதற்கும் தீனி வேண்டும். நோன்பு திறக்க வீட்டில் காய்ச்சுகிறோமே கடல்பாசி, அதே சாமான்தான். அதில் இறைச்சிச் சத்துச் சேர்த்துக் குழாயில் உறைய வைத்திருப்பார்கள். பத்து நாளைக்கு ஒரு தரம் பழைய குழாயிலிருந்து ஊசிமுனை அளவு தொட்டுப் புதுக் குழாயில் ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும், மறுபடியும் குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிடும். பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையைத் தின்றதற்கு ரைஹானா சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

ரைஹானாவுக்கு அந்த லேப்பில் ஒன்பது வருஷ வேலை. கடையநல்லூரில் பிறந்து சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்டவள். ரத்தமோ சளியோ மலமோ, எதில் எந்தக் கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்த்துச் சொல்லுகிறதுதான் அவள் வேலை. வாரத்தில் இரண்டு நாள் தாவீது டாக்டர் வந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவார். அந்தக் குழாயை ஆவியில் வைத்துக் கொன்று குப்பையில் போடச் சொல்லி அவர் இரண்டு தடவை சொல்லியாயிற்று. சரி டாக்டர் என்பாள். அவர் தலை மறைந்ததும் ஃப்ரிட்ஜில் இன்னும் உள்ளே தள்ளி வைப்பாள்.

எதுக்குத்தான் அதை வைத்திருக்கிறாளாம்? அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததுதான் தொல்லை.

நடந்தது இதுதான். மாசி மாசம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சமையல் ஆட்கள் நாலு பேரை லேப்புக்கு அனுப்பியிருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சமையல்காரர்களுக்கு மோஷன் டெஸ்ட் எடுத்து, கிருமி இல்லை என்று எழுதி வாங்கி ஃபைலில் வைக்க வேண்டும். ஆம்பிளைகள் மூன்று பேரும் டப்பாவை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் காலையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நாலாவது ஆள் ஆயிஷம்மாள். ரைஹானாவுக்கு ஒரே தெரு. பந்தலில் அவள் கரண்டி பிடிக்கிறாள் என்றால் விருந்துக்கு நாலு பேர் கூடுதலாக வருவார்கள், அப்பேர்ப்பட்ட கைப்பக்குவம். ரைஹானாவின் கலியாணத்துக்கு நெய்ச்சோறு ஆக்கினதும் அவள்தான். தலைப்பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ரைஹானாவுக்கு எது தின்றாலும் குமட்டும். அப்போது வாய்க்கு ருசியாக ஆக்கிக் கொண்டுவந்து ஊட்டிவிட்டதும் அவள்தான்.

அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு லேப் பெஞ்சில் துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு குறுகிப்போய் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் மறுகோடியில் தெருக்காரர் இரண்டு பேர் சுகர் பார்க்கக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அந்த டப்பாவைக் கையில் வாங்கி, நாளைக்கு அதை நிரப்பிக்கொண்டு பஜார் வழியாக நடந்து வருகிறதா? ரைஹானாவை ஓரமாகக் கூப்பிட்டாள். வயிற்றில் வலது பக்கம் அடிக்கடி வலிக்கிறது, ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்கிறார்கள், அதற்கு ஒரு மாத்திரை சொல்லு, இந்தக் கண்றாவி மட்டும் வேண்டாம் என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

ரைஹானாவுக்கு மனசு கேட்கவில்லை. ஊட்டிவிட்ட கையிடம் போய் மலத்தை எடுத்துக்கொண்டு வா என்று எப்படிச் சொல்லுவாள்? நீங்க போங்க மாமி, நான் பார்த்துக்கிடுதேன் என்று அனுப்பிவிட்டாள். அந்த மூன்று டப்பாவையும் ஒழுங்காக வளர்த்துப் பார்த்தாள், மூன்றிலும் ஒன்றும் இல்லை. நாலாவது பெயருக்கு நேராகவும் அதையே எழுதினாள். வராத டப்பாவுக்கு ஒரு நம்பரும் போட்டாள். டாக்டர் நாலிலும் கையெழுத்துப் போட்டார். இரக்கம் என்றுதான் அன்றைக்கு அதற்குப் பெயர்.

சித்திரை மாசம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குக் காய்ச்சல் கண்டது. வெயில் காய்ச்சல் என்று ஆளுக்கொரு ஊசி போட்டார்கள், மற்றதெல்லாம் எழுந்து விளையாடப் போய்விட்டது. முபஷ்ஷிராவுக்கு மட்டும் இறங்கவே இல்லை. ஒன்பதாம் நாள் ஷம்சாத் மகளைத் தூக்கிக்கொண்டு லேப்புக்கு வந்தாள். புருஷன் ரிஸ்வான் சவூதியில், தம்மாமில் இருந்தான். இடுப்பில் இரண்டு வயசுப் பையன், தோளில் இவள்.

ரத்தம் எடுக்கும்போது பிள்ளை அழவில்லை. சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதை என்ன செய்வீங்க சாச்சி என்று கேட்டது. சூடான பெட்டிக்குள்ள வச்சு உள்ள ஏதும் வளருதான்னு பார்ப்பேன் மக்கா என்றாள் ரைஹானா. வளர்ந்தால் என்னிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளை விரலை நீட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டது. மூன்றாம் நாள் வளர்ந்தது. அதற்குள் பிள்ளையை ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். ரைஹானா போனில் ரிசல்ட்டைச் சொன்னபோது, ஆஸ்பத்திரியில் போனை எடுத்த ஆள், இப்பதாம்மா முடிஞ்சது என்றான்.

ஊரெல்லாம் தண்ணீரைத் திட்டியது. ரைஹானாவும் கூடச் சேர்ந்து திட்டினாள், கொஞ்சம் சத்தமாகவே.

ராத்திரிக்குத்தான் பேய் வரும் என்று சொல்லுகிறவர்கள் ஒரு கோடை மத்தியானம் அந்த லேப்பில் இருந்து பார்க்க வேண்டும். பகல் முழுக்கப் பக்கத்துத் தெருத் தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் காதில் விழுகிறதே தெரியாது. கரண்ட் போனதும் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கும். அப்போது வருகிற அமைதி இருக்கிறதே, அதில்தான் அந்தக் குரல் கேட்கும். ரைஹானா தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதுகுக்குப் பின்னால், இடுப்பு உயரத்திலிருந்து, "வளந்துருச்சா சாச்சி?" என்று கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும், அதுதான் பயம். துஆ ஓதிப் பார்த்தாள், கடையநல்லூர்ப் பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கிக் குடித்தாள். ஓதின தண்ணீருக்கு அந்தப் பிள்ளைமேல் என்ன கோபம்? குரல் மறுநாளும் வந்தது.

டைபாய்டில் ஒரு கேடு உண்டு. எப்போதோ காய்ச்சல் வந்து சுகமாகிப் போன ஆளின் பித்தப்பையில், அதுவும் கல் இருந்தால், கிருமி வருஷக்கணக்கில் பதுங்கியிருக்கும். அந்த ஆளுக்கு ஒன்றும் செய்யாது. மலத்தில் இறங்கி, கைவழியாக அடுத்தவன் வயிற்றுக்குப் போகும். அடுப்பில் கொதிக்கிறதில் அது பிழைக்காது. கொதித்து இறங்கின பிறகு தொடுகிற கைதான் காரியத்தைக் கெடுக்கும். இதெல்லாம் ரைஹானா பரீட்சைக்குப் படித்த பாடம். பித்தப்பையில் கல் என்று ஆயிஷம்மாள் அவள் காதோடு சொன்ன அன்றைக்கு மட்டும் அந்தப் பாடம் எங்கே போயிருந்ததோ.

இருபத்திரண்டாம் நாள் தெருவில் பேச்சு வந்தது. முபஷ்ஷிராவின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத ரிஸ்வான் ஊருக்கு வருகிறான், தெருவுக்கே சோறு, ஆயிஷம்மாள்தான் ஆக்குகிறாள். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது என்ற தைரியத்தில் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தவளுக்கு அதைக் கேட்டபிறகு தள்ள முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆயிஷம்மாள் வீட்டுக்குப் போனாள்.

நேராகக் கேட்டாளா என்றால் இல்லை, அங்கேயும் ஒரு பொய்தான். பள்ளிக்கூடம் திறக்கும்போது புதுசாகக் கேட்பார்கள், இந்த வருஷம் மூன்று தடவை பார்க்க வேண்டுமாம், நீங்கள் எங்கேயும் வரவேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்ளுகிறேன் என்றாள். ஆயிஷம்மாள் வெட்கத்தில் சிரித்துவிட்டாள். இதைத் தூக்கிச் சுமக்கத்தான் உங்க அத்தா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினாராட்டி என்று கேலி பண்ணினாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில் நாலு பாலித்தீன் பை சுற்றி, அதற்குமேல் ஒரு பழைய துண்டும் சுற்றிக் கொடுத்தாள்.

ஒரு டப்பாவுக்கு மூன்று நாள் ஆகும். முதல் நாள் ஒரு திரவத்தில் ஊற வைக்க வேண்டும். அடுத்த நாள் அதிலிருந்து தொட்டுச் சிவப்புத் தட்டில் இழுக்க வேண்டும். சாதாரணக் குடல் கிருமி அந்தச் சிவப்பை மஞ்சளாக்கிவிடும். டைபாய்டுக் கிருமி மஞ்சளாக்காது, சிவப்பிலேயே சின்னச் சின்னப் புள்ளியாக நிற்கும். மூன்றாம் நாள் காலையில் ரைஹானா பிஸ்மி சொல்லித் தட்டைத் திறந்தாள். முழுக்க மஞ்சள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாயாசம் வைத்தாள், என்ன விசேஷம் என்று புருஷன் கேட்டதற்குச் சும்மாதான் என்றாள்.

இரண்டாவது டப்பா வாங்கப் போன அன்று ஆயிஷம்மாள் அவளை உட்கார வைத்தாள். அவளுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது போல. முபஷ்ஷிரா தினமும் மத்தியானம் வருகிறாள் என்றாள். பயமாக இல்லையா என்று கேட்டாள் ரைஹானா.

"பயமென்னட்டி? சோத்துப் பாத்திரத்தைத் திறந்தா போதும், 'இன்னொரு கை மாமி'ங்கா. ஸ்கூல்லயும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைக்கும் கரண்டியில போடுவேன், அவளுக்கு மட்டும் தயிர்ச்சோத்தைத் தனியாக் கையால பிசைஞ்சு வைப்பேன். எந்தெருப் பிள்ளைல்லா."

மற்றப் பிள்ளைகளெல்லாம் எழுந்து நடந்தபோது இவள் மட்டும் ஏன் எழவில்லை என்று ரைஹானா எத்தனையோ நாள் யோசித்திருக்கிறாள். பதில் கிடைத்துவிட்டது. பிரியம் வைத்த பிள்ளைக்கு ஒரு கை கூடப் போயிருக்கிறது.

அத்தோடு போகவில்லை. மையத்து விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், அக்கம்பக்கம்தான் சோறு கொடுக்கும். மூன்று நாள் முடிந்தும் ஷம்சாத் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லையாம். அதனால் ஒரு மாசமாக ஆயிஷம்மாள்தான் மத்தியானச் சோறு கொண்டுபோகிறாளாம், சின்னப் பையனுக்கு ஊட்டிவிட்டுத்தான் வருகிறாளாம். இதைக் கேட்டபோதே ரைஹானா சொல்லியிருக்கலாம். நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், சொல்ல வேண்டுமா இல்லையா? சொல்லவில்லை. முதல் டப்பாவில்தான் ஒன்றும் இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டு வந்துவிட்டாள். சாப்பாட்டைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்க மாமி என்று மட்டும் சொன்னாள். ஆயிஷம்மாளுக்கு அதுவே சுருக்கென்று தைத்தது, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது தட்டும் மஞ்சள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், யாரும் கேட்கப் போகிறதில்லை. ஆனால் பித்தப்பைக்குள் இருக்கிறது தினமும் வெளியே வராது, வருகிற அன்றைக்குத்தான் வரும். அதனால்தான் மூன்று தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறது, ரைஹானா சொன்ன பொய்யில் அது ஒன்றுதான் நிஜம். அன்று மத்தியானம் கரண்ட் போனபோது குரல் வரவில்லை. அவள் காத்திருந்தாள். வராதது வந்ததைவிட மோசமாக இருந்தது. சாயங்காலம் மூன்றாவது டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

முப்பத்தாறாம் நாள் தட்டைத் திறந்தாள். மஞ்சளுக்கு நடுவில், ஓரமாக, சிவப்பிலேயே ஏழெட்டுப் புள்ளிகள். மற்ற சோதனைகளுக்கும் போட்டாள். மறுநாள் காலையில் கண்ணாடிச் சில்லில் ஒரு துளி சீரம் விட்டு, அந்தப் புள்ளியிலிருந்து தொட்டுக் கலக்கி ஆட்டினாள். பால் திரிகிற மாதிரி திரிந்தது. டைபாய்டேதான். ஆனாலும் அது அதுதானா என்று ஒரு நப்பாசை. எந்தெந்த மருந்துக்குச் சாகும், எதற்கெல்லாம் சாகாது என்று ஃப்ரிட்ஜில் இருந்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அடுத்த நாள் இரண்டு தட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரே மருந்துகளைச் சுற்றித்தான் இரண்டிலும் கிருமி வளராமல் வெறுமையாக இருந்தது. எது எவருடையது என்று அடியில் எழுதியிருக்கிறதைப் பார்த்துத்தான் அவளாலேயே சொல்ல முடிந்தது. முதுகுக்குப் பின்னால் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தத் தடவை சொல்ல அவளிடம் பதில் இருந்தது.

அன்றைக்கு டாக்டர் வருகிற நாள். தட்டுகளைப் பார்த்துவிட்டு மாசி மாச ரிப்போர்ட்டை எடுத்துவரச் சொன்னார். ரைஹானா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கையெழுத்து அவருடையதல்லவா. பிறகு, மாசியில இல்லை, வைகாசியில இருக்கு, அப்படியும் வரலாம்லாம்மா என்றார். பள்ளிக்கூடத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் இன்றைய ரிப்போர்ட்டை அனுப்பிவிடுகிறேன், அந்த அம்மா ஒரு மாசம் மாத்திரை சாப்பிடட்டும், தேவைப்பட்டால் பித்தப்பையை எடுத்துவிடலாம், பழசை நாம கிளற வேண்டாம் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் பயம்.

ரைஹானாவுக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன். அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வெயிலில் நடந்தாள். ஆயிஷம்மாள் வீடு பூட்டியிருந்தது. மணி ஒன்றரை. வேறு எங்கே இருப்பாள்?

ஷம்சாத் வீட்டு நடையில் ஆயிஷம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பையன். தட்டில் தயிர்ச்சோறு. சுவரோரமாக ஷம்சாத் சாய்ந்திருந்தாள், எதையும் பார்க்காத கண். நாளை மறுநாள் பாத்திஹாவுக்கு எத்தனை படி அரிசி என்று ஆயிஷம்மாள் அவளிடம் கேட்டுக்கொண்டே ஒரு உருண்டையைப் பிசைந்து எடுத்தாள். பையன் வாயைத் திறந்தான்.

ரைஹானா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். சோறு பாயில் சிந்தியது.

"ஊட்டாதீங்க மாமி. முபஷ்ஷிராவுக்கு வந்த கிருமி உங்ககிட்ட இருக்கு."

சொன்னபிறகு தரையில் உட்கார்ந்து, குளறிக் குளறிச் சொன்னாள், மூன்று டப்பா, தட்டு, மாத்திரை, குணமாகிவிடும் என்பது வரைக்கும். உங்களுக்குத் தெரியாமல் இருந்தது, உங்கள்மேல் குற்றம் இல்லை மாமி என்று இரண்டு தடவை சொன்னாள். யார் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஆயிஷம்மாள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தயிர் ஒட்டியிருந்தது.

ஷம்சாத் மெள்ள நிமிர்ந்தாள். முப்பத்தெட்டு நாளில் அவள் யாரையும் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"டெஸ்ட் பண்ணித்தானே ஸ்கூல்ல ஆக்க விட்டாங்க? மாசியில இவுக லேப்புக்கு வந்தாகல்லா?"

ஆயிஷம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். டப்பா கொடுக்காதது அவளுக்கும் தெரியும், ரைஹானாவுக்கும் தெரியும், டாக்டரைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. டாக்டர் கொடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அன்றைக்கு இல்லை, பிறகு வந்திருக்கலாம். ஐந்தாறு வார்த்தைதான். சொன்னால் ஆயிஷம்மாள் மறுக்க மாட்டாள், அவளும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள், குனிந்த கழுத்திலேயே அது தெரிந்தது.

"வந்தாங்க. நான்தான் டப்பா வாங்காம அனுப்பிட்டேன். பார்க்காமலே, கிருமி இல்லைன்னு எழுதிட்டேன்."

தெருமுனையில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. ஷம்சாத் கத்துவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று ரைஹானா காத்திருந்தாள், இழுத்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. ஷம்சாத் அதெல்லாம் செய்யவில்லை. எழுந்து வந்து ஆயிஷம்மாள் மடியிலிருந்து பையனைத் தூக்கினாள். முந்தானையால் அவன் வாயை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அவன் வலியில் முனகினான். பிறகு அவனை ரைஹானாவுக்கு நேராக நீட்டினாள்.

"இவன் ரத்தத்தை எடுத்துட்டுப் போ. இந்தத் தடவை பார்த்துட்டு எழுது."

ரைஹானா கையை நீட்டினாள். பையன் அவளிடம் வர மாட்டேன் என்று திமிறினான். சோறு பாதியில் போன பசி. ஆயிஷம்மாளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி அழுதான். ஒரு மாசமாக அவன் கேட்டால் வருகிற கை அது. ஆயிஷம்மாள் அந்தக் கையைத் துப்பட்டிக்குள் ஒளித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.